வீரக் கதை யாரைக் கட்டுகிறது?

அன்புள்ள மாணிக்கம்,

உன் கடிதம் கிடைத்தது. அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு கைத்தடி இல்லாமல் நடக்கிறாய் என்ற வரியை வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். இங்கே அனைவரும் நலம். என் மகள் ஆய்வேட்டைச் சமர்ப்பித்துவிட்டாள். அந்த வேலை முடிந்த பிறகுதான் வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்கிறது.

ஓய்வு பெற்ற பிறகும் நீ மாலையில் பிள்ளைகளுக்கு வரலாறு சொல்லித் தருவது பெருமையாக இருக்கிறது. "தலைவர்களின் வீரக் கதைகளில் பாதி புனைவு என்று சொன்னால், பிள்ளைகளுக்கு யார் மீதும் பற்று இல்லாமல் போய்விடாதா?" என்று கேட்டிருந்தாய். சில நாட்களாக அதே யோசனைதான். உண்மையா, புனைவா என்று பார்ப்பதற்கு முன்னால் வேறொன்றைக் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது: அந்தக் கதை தலைவனிடம் எதைக் கேட்கிறது?

நெப்போலியனை எடுத்துக்கொள். 1800 மே மாதம் அவர் ஆல்ப்ஸ் மலையின் கிரேட் செயின்ட் பெர்னார்ட் கணவாயைக் கடந்தது கோவேறு கழுதை மேல் ஏறி, அந்தப் பகுதி வழிகாட்டி ஒருவரின் துணையோடு. ஜாக் லூயி டாவிட் வரைந்த ஓவியத்திலோ முன்னங்கால்களைத் தூக்கிப் பாயும் குதிரை மேல் அமர்ந்திருக்கிறார். அதன் அடியில் உள்ள பாறைகளைப் பார்த்திருக்கிறாயா? பொனபார்ட் என்ற பெயரோடு, அதே மலையைக் கடந்த பழங்காலப் படைத்தலைவர் ஹானிபால், பேரரசர் சார்லமேன் ஆகியோரின் பெயர்களும் பொறிக்கப்பட்டிருக்கின்றன. பழைய புராணத்தின் தோளில் ஏறித்தான் புதிய புராணம் நிற்கிறது. அந்த ஓவியத்தின் முதல் வடிவம் முடிந்து நான்கு ஆண்டுகளுக்குள் அவர் பேரரசராக முடிசூடிக்கொண்டார். சார்லமேனின் வரிசையில் ஏற்கெனவே பார்த்துப் பழகிய ஒருவரின் தலையில் கிரீடத்தைக் கண்டு எத்தனை பேருக்கு வியப்பு எழுந்திருக்கும்? அரை நூற்றாண்டு கழித்து பால் டெலரோஷ் கோவேறு கழுதையையே வரைந்தார். ஆனாலும் நம் கண்ணில் நிற்பது குதிரைதான்.

மாவோவின் கதை இன்னும் கொடியது. 1966 ஜூலை 16 அன்று, 72 வயதில், வூஹான் நகரில் யாங்சி ஆற்றில் இறங்கினார். ஏறக்குறைய 15 கிலோமீட்டரை 65 நிமிடங்களில் நீந்தினார் என்று சீனப் பத்திரிகைகள் கொண்டாடின. அவர் நீந்தியதைவிட ஆறு இழுத்துச் சென்றதே அதிகமாக இருந்திருக்க வேண்டும். அதற்குச் சில ஆண்டுகள் முன்புதான் அவருடைய 'பெரும் பாய்ச்சல்' திட்டத்தைத் தொடர்ந்த பஞ்சத்தில் கோடிக்கணக்கானோர் மாண்டிருந்தார்கள். ஆற்றில் மிதந்த அந்த முகம், பஞ்சத்துக்குப் பொறுப்பு யார் என்ற கேள்வியை மறைத்துவிட்டது. ஆகஸ்ட் 18 அன்று தியானன்மென் சதுக்கத்தில் அவரைப் பின்பற்றிய இளைஞர்களான செங்காவலர்கள் அவர் முன் திரண்டார்கள். பண்பாட்டுப் புரட்சி என்ற அடுத்த பேரழிவுக்குள் நாடு நுழைந்திருந்தது. உடல் வலிமையை ஆளும் தகுதியாக எடுத்துக்கொள்ளும் மக்கள் எவ்வளவு விலை கொடுக்க வேண்டியிருக்கிறது, பார்.

இந்த இரண்டு கதைகளுமே தலைவனிடம் எதையும் கேட்பதில்லை. நம்மிடம்தான் வியப்பைக் கேட்கின்றன.

இப்போது மனுநீதிச் சோழனை நினைத்துப் பார். கன்றை இழந்த பசு மணியை அடிக்கிறது. அரசன் தன் மகனையே தேர்க்காலில் இடுகிறான். இதே கதையை இலங்கையின் பழைய வரலாற்று நூலான மகாவம்சம் அனுராதபுரத்தை ஆண்ட தமிழ் மன்னன் எல்லாளன் மேல் ஏற்றிச் சொல்கிறது. அந்த நூலின் நாயகன் எல்லாளனைப் போரில் வென்ற சிங்கள மன்னன் துட்டகைமுனு. பகைவன் என்று தெரிந்தும், நீதியில் நண்பன் பகைவன் என்று பாராதவன் என்றே எல்லாளனை அது எழுதுகிறது. வென்றவன் அவனுக்கு நினைவிடம் எழுப்பி மரியாதை செய்ததாகவும், பின்வந்த மன்னர்கள் அந்த இடத்தைக் கடக்கும்போது வாத்தியங்களை நிறுத்தியதாகவும் சொல்கிறது. மாணிக்கம், இதை எப்போது படித்தாலும் எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும். பசு மணி அடித்தது நடந்திருக்காது. ஆனால் அரண்மனை வாசலில் எளியவருக்கு ஒரு மணி இருக்க வேண்டும், அது அரச குடும்பத்துக்கு எதிராகவும் ஒலிக்க வேண்டும் என்று மக்கள் விரும்பியது நடந்த வரலாறு. இந்தக் கதை அரசனைக் கட்டுகிறது. தன்னை அந்த மன்னனோடு ஒப்பிடச் சொல்லும் தலைவர் தன் மகனைப் பற்றிய புகாருக்கும் பதில் சொல்லியாக வேண்டும்.

உண்மையான வீரத்துக்கும் இந்தக் கேள்வி பொருந்தும். 1943 ஆகஸ்டில் ஜப்பானியப் போர்க்கப்பல் மோதியதில், பின்னாளில் அமெரிக்க அதிபரான கென்னடியின் படகு பிளந்தது. தீக்காயம் பட்ட வீரர் ஒருவரின் மிதவை அங்கியின் வாரைப் பற்களால் கடித்து இழுத்தபடி, மணிக்கணக்கில் நீந்தி அவரைத் தீவில் கரை சேர்த்தார் கென்னடி. ஐயத்துக்கு இடமில்லாத வீரம் அது. அவர் போட்டியிட்ட 1946 தேர்தலில் அந்தக் கதையை அச்சிட்டு வாக்காளர்களுக்குக் கொடுத்தார்கள். உதவி கேட்டு அவர் செய்தி செதுக்கிய தேங்காய் ஓடு பிற்பாடு அதிபரின் மேசையில் இருந்தது. அந்த ஓட்டோடு எதிரிகள் நடமாடிய கடலில் துடுப்புப் போட்டுச் சென்றவர்கள் சாலமன் தீவுகளைச் சேர்ந்த பியூக்கு காசா, எரோனி குமானா என்ற இருவர். அவர்கள் பெயரை எத்தனை பேர் சொல்வார்கள்? கதை உண்மையாக இருந்தாலும் தலைவன் ஒருவனை மட்டும் வெளிச்சத்தில் நிறுத்திவிடுகிறது. அரசாட்சியோ ஒருவர் தனியாகச் செய்யும் வேலையே இல்லை.

ஆகவே பிள்ளைகளிடமிருந்து கதைகளைப் பறித்துக்கொள்ளாதே. எல்லாவற்றையும் சொல், நடந்தது எது, சேர்ந்தது எது என்பதையும் சொல். பிறகு, இந்தக் கதையில் யார் விடுபட்டிருக்கிறார்கள், இதை நம்பினால் தலைவனிடம் நாம் எதைக் கேட்கலாம் என்று அவர்களையே பேசவிடு. பற்று குறையாது, அது போக வேண்டிய இடத்துக்குப் போகும்.

இங்கிலாந்தை ஆண்ட கனூட் மன்னன் கதையையும் சேர்த்துக்கொள். அலைகளைப் பார்த்து நில் என்றான், அவை நிற்கவில்லை. அரச அதிகாரத்துக்கு எல்லை உண்டு என்று அவனே அவையோருக்குக் காட்டியதாகத்தான் 12ஆம் நூற்றாண்டில் வரலாற்றாசிரியர் ஹன்டிங்டன் ஹென்றி எழுதினார். இன்று அவன் பெயரை ஆணவத்துக்கு எடுத்துக்காட்டாகச் சொல்கிறார்கள். அடக்கத்தைச் சொன்ன கதை எப்படி இப்படித் திரும்பியது என்று உன் பிள்ளைகள் என்ன சொல்கிறார்கள் என்பதை எனக்கு அவசியம் எழுது. மருத்துவர் சொன்ன பயிற்சிகளை விடாதே. தங்கைக்கு என் அன்பைச் சொல்.

உன்
சதாசிவம்