தொடர்மாடியில் ஒரு சண்டை

வெள்ளவத்தை

அன்பின் சறோ,

நலம். சர்க்கரை சொன்னபடி கேட்கிறது, முழங்கால் கேட்பதில்லை. உன் மருமகளுக்கு இடமாற்றம் கிடைத்ததா, எழுது.

விஷயம் இதுதான்: எங்கள் தொடர்மாடிக் கூட்டத்தில் நான் சண்டை போட்டுவிட்டேன். சிரிக்காதே. விடுதியில் பலாப்பழ விவகாரத்தில் நீ போட்ட சத்தத்தில் பாதிகூட இல்லை. வாகனத் தரிப்பிடத்தில் பிள்ளைகள் ஓடக்கூடாது, படிக்கட்டில் இருக்கக்கூடாது, மொட்டைமாடிக்கு ஏறக்கூடாது என்று அறிவித்தல் ஒட்டியிருந்தார்கள். அப்படியானால் எங்கேதான் விளையாடுவது என்றேன். “காலி முகத்திடலுக்குக் கூட்டிப் போங்கள் அன்ரி” என்றார் செயலாளர். விடுவேனா? அங்கே நிற்கும் கல்வெட்டில் என்ன எழுதியிருக்கிறது தெரியுமா என்று தொடங்கினேன். ஆளுநர் ஹென்றி வார்ட் 1859இல் அந்தத் திடலின் கடலோர நடைபாதையை முடித்து, கொழும்பின் பெண்களுக்காகவும் பிள்ளைகளுக்காகவும் அதைப் பேணும்படி தனக்குப் பின் வருகிறவர்களைக் கேட்டுக்கொண்டார். வெள்ளைக்காரனுக்குத் தோன்றியது உங்களுக்குத் தோன்றவில்லையா என்றேன். இதையும் கூட்ட அறிக்கையில் எழுதவா என்று கேட்டார். எழுதும் என்றேன்.

அன்று மாலையே பேத்தியையும் மேல்மாடிப் பிள்ளைகள் இருவரையும் கூட்டிக்கொண்டு ஒழுங்கையால் இறங்கிக் கடற்கரைக்குப் போனேன். தண்டவாளம் கடக்கும்போது மட்டும் என் கையைப் பிடிக்க வேண்டும். அதற்கப்பால் அவரவர் பாடு. பேத்தி நண்டு வளையொன்றின் முன் குந்தினாள், எழும்பவேயில்லை. மேல்மாடிப் பிள்ளைகளில் ஒருவன் நாலாம் தரம், அடுத்த வருடம் புலமைப்பரிசில் பரீட்சை, வாரம் முழுக்க டியூஷன். மணலில் நேராக நின்றுகொண்டு, “அன்ரி, இப்போது என்ன செய்ய வேண்டும்?” என்று கேட்டான் சறோ. கடலைப் பார்த்துக்கொண்டு ஒரு பிள்ளை கேட்கிற கேள்வியா இது?

ஒன்றும் செய்ய வேண்டாம் என்றேன். அது அவனுக்கு விளங்கச் சில மாலைகள் எடுத்தன. இப்போது அவன்தான் முன்னால் ஓடுகிறான். கால்வாயில் கபரகொய்யா, அந்தப் பெரிய நீர் உடும்பு, நீந்துவதைக் கண்டவன் அவன். காக்கை ஊட்டும் குஞ்சு காக்கைக் குஞ்சே இல்லை, குயில் குஞ்சு என்று கண்டுபிடித்தவனும் அவன். நான் பெயர் எதையும் சொல்லிக்கொடுப்பதில்லை. வாத்தியார் புத்தியை அடக்குவது எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியும்.

மகளுக்குப் பயம். ரோட்டுக்குப் பயம், டெங்குக்குப் பயம், அழுக்குக்குப் பயம். அவளோடு கோபிக்க முடியவில்லை. சோதனைச்சாவடிகளும் குண்டுகளும் இருந்த காலத்தில், ஜன்னலுக்குக் கிட்டப் போகாதே என்று சொல்லிச் சொல்லி அவளை வளர்த்தவர்கள் நாம்தானே. அப்போது அதற்குக் காரணம் இருந்தது. சாவடிகளை எடுத்துவிட்டார்கள். அவள் உடம்பில் நாம் வைத்த பயத்தை யார் எடுப்பது? இதை அவளிடம் கேட்கவில்லை, உன்னிடம்தான் கேட்கிறேன்.

டெங்குவுக்கு மட்டும் ஒரு வழி செய்தேன். நுளம்புக் குடம்பி எப்படியிருக்கும் என்று காட்டி, ஆளுக்கொரு கரண்டியும் வெள்ளைக் கோப்பையும் கொடுத்துக் கட்டிடம் முழுவதையும் தேடவிட்டேன். தெளிந்த தண்ணீரில் தலைகீழாகத் தொங்கும், நிழல் பட்டால் நெளிந்து கீழே போகும். முட்டையிலிருந்து நுளம்பாக ஒரு கிழமை, பத்து நாள் போதும். ஆகையால் வாராவாரம் வேட்டை. முதல் வேட்டையில் எங்கே அகப்பட்டது என்று நினைக்கிறாய்? செயலாளர் வீட்டு வாசல் பூச்சாடித் தட்டில்! கோப்பையோடு போய் மணியடித்தார்கள். மனிதர் எட்டிப் பார்த்தார், பேசாமல் தட்டைக் கவிழ்த்தார். அறிவித்தல் இன்னும் ஒட்டியபடிதான் இருக்கிறது, ஆனால் பிள்ளைகள் கீழே ஓடினால் யாரும் வாய் திறப்பதில்லை.

சனிக்கிழமை பகலில் கார்கள் பாதிக்கு மேல் வெளியே போய்விடும். தரையில் வெள்ளைக் கோடுகள் ஏற்கனவே போட்டிருக்கின்றன, நாம் கோடு கீறி விளையாடிய கிளித்தட்டுக்கு அளவெடுத்துப் போட்ட மாதிரி. எனக்கு விதிகள் பாதிதான் நினைவிருக்கின்றன. கிளி நடுக்கோட்டில் மட்டும் ஓடலாமா, சுற்றுக்கோட்டிலுமா? ஒவ்வொரு முறையும் அளாப்பி விளையாடியவள் நீ, சரியான சட்டம் உனக்குத்தான் தெரிந்திருக்கும். சனிக்கு முன் எழுது.

அன்புடன்,
வதனி