மல்லார்டுக்கு உரியதை மல்லார்டுக்கே தாருங்கள்: பொது அறிவு நூல் பதிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பதிப்பாளர்களுக்கு,

வணக்கம். 'உலகின் அதிவேக நீராவி எஞ்சின் ஃபிளையிங் ஸ்காட்ஸ்மன்' என்று உங்கள் நூல்களில் அச்சாகிவரும் விடை தவறு, மல்லார்டு என்ற எஞ்சினே சரியான விடை என்பதை உங்களில் ஒருவருக்குச் சென்ற ஆண்டே எழுதினேன். பதில் வரவில்லை; புதிய பதிப்பு வந்தது, பிழை அப்படியே இருந்தது.

சென்ற வாரம் என் மகள் பள்ளி வினாடி வினாவில் முதலில் 'மல்லார்டு' என்று எழுதி, பிறகு அழித்து, உங்கள் விடையை எழுதி மதிப்பெண் பெற்றுவந்தாள். ரப்பர் தேய்த்த இடத்தில் தாள் மெலிந்து, பழைய எழுத்து மங்கலாகத் தெரிந்தது. "புத்தகத்துல அப்படித்தானேப்பா இருக்கு" என்றாள். அறிந்த உண்மையைத் தன் கையாலேயே அழிக்கும் நிலைக்கு ஒரு குழந்தையைத் தள்ளியது உங்கள் ஒற்றை வரி.

ஃபிளையிங் ஸ்காட்ஸ்மன் என்பது, லண்டன் கிங்ஸ் கிராஸிலிருந்து காலை 10 மணிக்கு எடின்பரோவுக்குப் புறப்பட்ட விரைவு ரயிலின் பெயர். 1923இல் டான்காஸ்டரில் உருவான ஓர் எஞ்சினுக்கு, 1924 வெம்பிளி கண்காட்சியையொட்டி அதே பெயரைச் சூட்டியதால்தான் குழப்பம். அந்த எஞ்சின் 1934 நவம்பர் 30 அன்று மணிக்கு 100 மைல் வேகத்தைத் தொட்டது, அதுவும் பெருமைதான். ஆனால் உலகச் சாதனை, நைஜல் கிரெஸ்லி வடிவமைத்து வாத்தினம் ஒன்றின் பெயரைச் சூட்டிய மல்லார்டுக்கே உரியது. 1938 ஜூலை 3 அன்று ஓட்டுநர் ஜோசப் டடிங்டனும், கரி அள்ளிப் போட்ட தாமஸ் பிரேயும் ஸ்டோக் சரிவில் அதை மணிக்கு 126 மைல், அதாவது ஏறத்தாழ 203 கிலோமீட்டர் வேகத்துக்கு விரட்டினார்கள். பின்னால் இணைத்திருந்த அளவீட்டுப் பெட்டியின் சுருள்தாளில் அந்த வேகம் பதிவானது. நடு சிலிண்டரின் இணைப்புத் தண்டுத் தாங்கி சூடேறிப் பழுதானதால், பீட்டர்பரோவில் எஞ்சினை ரயிலிலிருந்து கழற்றிவிட வேண்டியதாயிற்று. அத்தனை பாடுபட்டு எட்டிய வேகத்தை வேறோர் எஞ்சினின் கணக்கில் எழுதுவது எப்படி நியாயமாகும்?

ஒருவர் நூலிலிருந்து மற்றவர் அப்படியே எடுத்து அச்சிடுவதால், ஒரு பிழை பத்து நூல்களில் ஏறி, மாணவர்களுக்கு அதுவே உண்மையாகிவிடுகிறது. நூலை நம்பித்தான் பெற்றோர் பணம் கொடுத்து வாங்குகிறோம்.

ஆகவே அடுத்த பதிப்பில் இவ்விடையை மல்லார்டு என்று திருத்துங்கள். ஏற்கெனவே கடைகளில் இருக்கும் படிகளில் ஒரு பிழைதிருத்தத் தாளை வைத்துக் கொடுங்கள். பள்ளிகளுக்கும் அதை அனுப்பிவைக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாசகரான ஒரு தந்தை