ஆண்டு விழா நாளைச் சூளை முடிவு செய்யட்டும்

மதிப்பிற்குரிய மட்பாண்ட, கலை மைய நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம். மையத்தின் ஆண்டு விழா குறித்து உறுப்பினர்களிடம் ஆலோசனை கேட்டிருக்கிறீர்கள். என் வேண்டுகோள் ஒன்றுதான்: சிறப்பு விருந்தினரின் வசதியைப் பார்த்து நாள் குறிக்காமல், சுட்ட பாண்டங்களை வெளியே எடுக்கச் சூளை திறக்கும் நாளையே விழா நாளாக அறிவிக்க வேண்டும்.

விழா நெருங்கும்போது கண்காட்சிக்கென வனைந்தவற்றை அவசர அவசரமாகச் சூளையில் ஏற்றும் ஆசை எவருக்கும் வரும். ஈரம் முழுதாகப் போகாத பாண்டத்தை அடுக்கினால், வெப்பம் 100 பாகை செல்சியஸை நெருங்கித் தாண்டும்போது உள்ளே தங்கிய நீர் ஆவியாகி அதை வெடிக்கச் செய்வதோடு, பக்கத்தில் இருப்பவற்றையும் உடைத்துவிடும். விளிம்பு வெளுத்துக் காய்ந்தாற்போலத் தெரியும் ஜாடியின் அடிப்பாகத்தைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். சில்லென்றிருந்தால் அது இன்னும் தயாராகவில்லை. ஆற விடுவதற்கும் அதே பொறுமை வேண்டும். மண்ணிலுள்ள குவார்ட்ஸ் படிகம் 573 பாகையில் தன் அமைப்பை மாற்றிக்கொள்வதால், சூடு இறங்கும்போது அந்தக் கட்டத்தை வேகமாகக் கடக்கும் பாண்டத்தில் விரிசல் விழக்கூடும். கண்ணாடிபோல் பளபளக்கும் மேற்பூச்சான மெருகைப் பூசுவதற்கு முன் ஒன்று, பின் ஒன்று என, பாண்டத்தைச் சூளையில் சுடும் சூடுகள் இரண்டு இருப்பதைத் தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அழைப்பிதழ் அச்சிடுபவர்களுக்குத்தான் சொல்ல வேண்டும்.

சூளைக் கதவைப் பொதுமக்கள் முன்னிலையில் திறந்தால், கறுப்பாகத் தீட்டப்பட்ட கோபால்ட் ஆக்சைடு நீலமாக வெளிவருவதை அவர்கள் நேரில் பார்ப்பார்கள். எந்த உரையையும்விட அது மையத்தின் வேலையை நன்றாக விளக்கும். வாய் கோணியவை, விரிசல் விட்டவை ஆகியவற்றையும் மறைக்காமல், ஏன் அப்படி ஆயின என்ற குறிப்போடு மேசையில் வைக்கலாம். புதிதாகப் பழகுபவருக்கு நல்ல பாண்டங்களைவிட அவையே அதிகம் கற்றுத்தரும் என்பது என் கருத்து.

அன்று பாண்டம் வனையும் சக்கரங்களையும் வருவோருக்குத் திறந்துவிட வேண்டும். கூட்டம் வருமுன் தரையில் படிந்த மண்தூளைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடைக்கச் சொல்லுங்கள். காற்றில் எழும் நுண்ணிய சிலிக்காத் தூள் நுரையீரலுக்குத் தீங்கானது.

ஆகவே, முதல் சூட்டில் தேறியவற்றுக்கு மெருகு பூசி, இரண்டாம் சூட்டுக்காக அடுக்கி முடித்த பிறகு, சூளை ஆறுவதற்கு வேண்டிய கால அவகாசத்தையும் கணக்கில் கொண்டு விழா நாளை அறிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். அடுக்கும் வேலைக்கு மாலை வகுப்பினர் உதவத் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
மாலை வகுப்பு உறுப்பினர்களில் ஒருவர்