கப்பலேறும் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம். அமெரிக்காவில் கால்வெஸ்டன் துறைமுகத்தில் கப்பலேறி கோசுமெல், ரோட்டான், கோஸ்டா மாயா என்று ஒரு வாரம் சுற்றப் போகிறோம், சம்பந்தி வீட்டாரும் கூட வருகிறார்கள் என்று நீ சொன்னதிலிருந்து அம்மா தெருவில் ஒருவர் விடாமல் சொல்லி முடித்துவிட்டாள். எனக்கும் ரொம்பச் சந்தோஷம். நீ தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் நிற்கப்போகும் அந்த பஃபே மேசைக்கு மறுபக்கம், கப்பல் ஊழியனாக நின்று வேலை பார்த்தவன் நான். அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் தெரிகிற சில விஷயங்கள் இருக்கின்றன. போனில் சொன்னால் பிள்ளைகள் சத்தத்தில் பாதி போய்விடும், அதனால் எழுதுகிறேன். பொறுமையாகப் படி.

கப்பல் சாப்பாடு சுத்தமாக இருக்குமா என்று சம்பந்தியம்மா பயப்படுவதாகச் சொன்னாய். அந்த விஷயத்தில் அவர்கள் நிம்மதியாக இருக்கலாம். அமெரிக்கத் துறைமுகத்துக்கு வந்துபோகும் பயணிகள் கப்பல்களை அங்கத்திய நோய்க் கட்டுப்பாட்டு மையம், அதாவது சி.டி.சி., 1975-லிருந்து சோதனை போடுகிறது. எங்கள் பேச்சில் அதற்கு ‘யு.எஸ்.பி.ஹெச்.’ என்று பெயர். அந்தப் பெயரைக் கேட்டாலே பெரிய செஃப் முதல் பாத்திரம் கழுவுகிற பையன் வரை எல்லாருக்கும் முதுகு நிமிரும். சொல்லாமல் கொள்ளாமல் காலையில் ஏறுவார்கள். கையில் தெர்மாமீட்டர். குழம்புத் தட்டில் குத்திப் பார்ப்பார்கள், குளிர்பெட்டிக்குள் விட்டுப் பார்ப்பார்கள், பாத்திரம் கழுவும் மெஷினின் சூட்டைப் பார்ப்பார்கள், ஐஸ் மெஷினின் மூடிக்குள் விரலை விட்டுத் தடவிப் பார்ப்பார்கள். நூற்றுக்கு 85 அல்லது அதற்குக் கீழே வந்தால் கப்பல் ஃபெயில். எந்தக் கப்பல் எவ்வளவு வாங்கியது என்பதை யார் வேண்டுமானாலும் நெட்டில் பார்க்கலாம். மாப்பிள்ளையை உங்கள் கப்பலின் மார்க்கைப் பார்த்துவைக்கச் சொல்.

அப்படியிருந்தும் கப்பலில் வாந்தி, பேதி என்று அடிக்கடி செய்தி வருகிறதே என்று கேட்பாய். அதற்குக் காரணம் பெரும்பாலும் நோரோ வைரஸ். 1968-ல் ஒஹையோ மாநிலத்தில் நார்வாக் என்ற ஊரில் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளைகளை அது படுக்கவைத்தது, அந்த ஊர்ப் பெயரிலிருந்துதான் இந்தப் பெயரே வந்தது. அமெரிக்காவில் பதிவாகிற நோரோ பரவல்களில் கப்பலில் நடப்பது நூற்றில் ஒன்று அளவுக்குத்தான். முதியோர் இல்லம், பள்ளிக்கூடம், ஹோட்டல் எல்லாவற்றிலும் அது இருக்கிறது. கப்பலில் கணக்கெடுத்து சி.டி.சி.க்குச் சொல்லியாக வேண்டும் என்பது விதி, பரவல் என்றால் அவர்கள் அதை வெளியிடுவார்கள், அதனால் செய்தியாகிறது. ஆனால் வந்துவிட்டால் கப்பலில் அது ஓடுகிற வேகம் வேறு. நாலாயிரம் பேர் ஒரே படிக்கட்டுக் கைப்பிடியைப் பிடிக்கிறார்கள், ஒரே லிஃப்ட் பொத்தானை அமுக்குகிறார்கள், ஒரே கரண்டியைத் தொடுகிறார்கள். பத்துப் பதினெட்டு வைரஸ் துகள் உள்ளே போனாலே போதும், ஆளைச் சாய்த்துவிடும். வெளியே கைப்பிடியில், மேசையில் நாள்கணக்கில் உயிரோடு கிடக்கும்.

ஆகவே நீ பார்க்க வேண்டியது கைகளை. இதில் நம் வீட்டு ஆட்களுக்கு ஒரு தனி விஷயம் இருக்கிறது. பஃபே வாசலில் கை கழுவும் தொட்டி இருக்கும், கப்பல் பையன் ஒருவன் சிரித்துக்கொண்டே எல்லாரையும் கழுவச் சொல்வான். எல்லாரும் கழுவிவிட்டு உள்ளே போவார்கள். பிறகு என்ன செய்வார்கள் என்று நான் வருஷக்கணக்காகப் பார்த்திருக்கிறேன். சோற்றுக் கரண்டி, சாலட் இடுக்கி, காபி மெஷின் பொத்தான், சாஸ் பாட்டில் என்று நூறு பேர் தொட்டதையெல்லாம் தொடுவார்கள். வெள்ளைக்காரர் அதற்குமேல் முள்கரண்டியால் சாப்பிடுவார், பாதிப் பிழைத்தார். நம்மவர் உட்கார்ந்து பூரியைப் பிய்ப்போம், சோற்றைப் பிசைவோம். கழுவிய கை எப்போதோ போய்விட்டது, வாய்க்குள் போவது கரண்டி தொட்ட கை. கையால் சாப்பிடாதே என்று நான் சொல்லவில்லை, சம்பந்தியம்மாவுக்கு அது இல்லாமல் சாப்பிட்டதாகவே இருக்காது. தட்டை நிரப்பி மேசையில் வைத்த பிறகு எழுந்து போய் இன்னொரு தடவை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்து உட்காருங்கள். மேசையில் ஒருவர் காவல் இருந்து மாற்றி மாற்றிப் போய் வரலாம். மறுபடி பரிமாறிக்கொள்ளப் போனால் மறுபடி கழுவ வேண்டும். அதைவிட நல்லது, பெரியவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் நீயோ மாப்பிள்ளையோ எடுத்து வந்து கொடுத்துவிடுங்கள், அவர்கள் கை கரண்டியில் படவே வேண்டாம்.

சானிடைசர் பாட்டில் எல்லா இடத்திலும் தொங்கும். அதை நம்பி உட்கார்ந்துவிடாதே. கொரோனா வைரஸுக்கு மேலே ஒரு கொழுப்புச் சவ்வு உண்டு, ஆல்கஹால் பட்டால் கரையும். நோரோவுக்கு அந்தச் சவ்வே கிடையாது, ஆல்கஹால் அதை அவ்வளவாக ஒன்றும் செய்யாது. சோப்பு அதைக் கொல்லாது, ஆனால் தோலிலிருந்து கிளப்பிவிடும், ஓடுகிற தண்ணீர் அடித்துக்கொண்டு போகும். இருபது விநாடி தேய்க்க வேண்டும், விரலிடுக்கு, மோதிரத்துக்கு அடியில், நகக்கண். பெரியவன் நகத்தைக் கிளம்பும் முன்னாலேயே ஒட்ட வெட்டிவிடு. பொதுக் கழிவறையைவிட உங்கள் கேபின் கழிவறை மேல். பொதுவில் போனால் கதவைத் திறக்கும்போது கை துடைத்த காகிதத்தாலேயே பிடித்துத் திற. அப்புறம், போன். கையைக் கழுவிவிட்டு வந்து சாப்பாட்டுக்கு நடுவில் போனைத் தடவினால் கழுவியது வீண்.

பஃபேயை ஒதுக்கிவிட்டு ராத்திரி பெரிய டைனிங் ஹாலில் உட்கார்ந்து சாப்பிடுவதுதான் என் விருப்பம். அங்கே நம் கல்யாணப் பந்தி மாதிரி பரிமாறுகிறவர் கையில்தான் கரண்டி, சாப்பிடுகிறவர் கை அதில் படாது. முதல் நாளே ஹெட் வெயிட்டரைப் பார்த்து இந்தியச் சைவச் சாப்பாடு வேண்டும் என்று சொல்லிவிடு. முந்தின நாள் தெரிந்தால் சமையலறையில் மனசு வைத்துச் செய்வார்கள். பெரும்பாலும் உள்ளே நம் நாட்டுச் சமையல்காரர் ஒருவராவது இருப்பார். பஃபேக்குப் போவதானால் திறந்தவுடன் போ. ஆவி பறக்கிற தட்டிலிருந்து எடு. சூடானது சூடாகவும் குளிர்ந்தது குளிர்ந்தும் இருக்க வேண்டும், வெதுவெதுப்பாக இருப்பதை விட்டுவிடு. வேகவைக்காத சிப்பியைத் தொடவே வேண்டாம், நோரோவுக்கு அது சொந்த வீடு. தண்ணீர் மெஷினில் உன் பாட்டிலின் வாயை நேராக முட்டிப் பிடிக்காதே, கிளாஸில் பிடித்து ஊற்றிக்கொள்.

இனிச் சொல்லப்போவதுதான் நான் இந்தக் கடிதம் எழுதவே காரணம். யாருக்காவது முடியவில்லை என்றால் மறைக்காதே.

கப்பலேறும் முன்னால் ஒரு உடல்நலக் கேள்வித்தாள் கொடுப்பார்கள். சில நாட்களுக்குள் வாந்தி, வயிற்றுப்போக்கு இருந்ததா என்று கேட்டிருக்கும். பணம் கட்டியாயிற்று, லீவு போட்டாயிற்று, ‘இல்லை’ என்று எழுதிவிட்டு எல்லாரும் ஏறுகிறார்கள். கப்பலிலும் அப்படித்தான். மெடிக்கல் சென்டரில் சொன்னால் கேபினுக்குள் இருக்கச் சொல்வார்கள், நாளைக்குக் கரையில் இறங்கிப் பார்க்க முடியாது என்று மாத்திரை போட்டுக்கொண்டு சாப்பிட வருவார்கள். ஒரு தடவை நான் பார்த்துக்கொண்டிருந்த பகுதியில் ஒரு பெரியவர் மேசையிலேயே வாந்தி எடுத்துவிட்டார். காலையிலிருந்தே முடியவில்லையாம், அவருடைய மனைவி அழுதுகொண்டே சொன்னார். சுற்றி இருந்தவர்களை எழுப்பி அனுப்பினோம். கவுன், கையுறை, முகமூடி மாட்டிக்கொண்டு இரண்டு பையன்கள் வந்தார்கள். உறிஞ்சும் பொடியைத் தூவி, வழித்து எடுத்து, குளோரின் கரைசலால் தரை, நாற்காலிக் கால், மேசையின் அடிப்பக்கம் எல்லாம் துடைத்தார்கள். அந்தப் பக்கத்தில் திறந்திருந்த சாப்பாடு முழுக்கக் குப்பைக்குப் போனது. வாந்தி விழும்போது கண்ணுக்குத் தெரியாத திவலை காற்றில் பறக்கும், அதுவே அடுத்தவருக்குப் போதும். ஒன்றரை நாள் கழித்துத் துடைத்த பையன்களில் ஒருவனும் பக்கத்து மேசைக் குழந்தையும் படுத்தார்கள். தொற்றி 12 மணியிலிருந்து 48 மணி நேரத்துக்குள் அது வேலையைக் காட்டிவிடும்.

பயணிகளில் நூற்றுக்கு மூன்று பேர் என்று எண்ணிக்கை வந்துவிட்டால் அது சி.டி.சி. பட்டியலில் ஏறும். நாலாயிரம் பேர் கப்பலில் 120 பேர். அதற்கு முன்னாலேயே நாங்கள் ‘கோட் ரெட்’ போட்டுவிடுவோம். பஃபேயில் பயணிகள் கை வைக்கக் கூடாது, எல்லாவற்றையும் நாங்களே எடுத்துப் போடுவோம். உப்பு, மிளகு ஜாடி மேசையிலிருந்து போய்விடும். ஷிஃப்ட் முடிந்தும் தூங்கப் போக முடியாது, கைப்பிடிகளைத் திரும்பத் திரும்பக் குளோரின் போட்டுத் துடைக்க வேண்டும், அந்த நெடியில் கண் எரியும். சாப்பாட்டைத் தொடுகிற வேலைக்காரனுக்கு வந்துவிட்டால் வாந்தி, பேதி முழுதும் நின்ற பிறகும் 48 மணி நேரம் அவன் தனியாக இருந்தாக வேண்டும், அது அங்கத்திய விதி. கீழ்த்தளத்தில் ஒரே கேபினில் இருவர் படுக்கிற இடத்தில் தனியாக இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று யோசித்துப் பார். 2020 பிப்ரவரியில் யோகோஹாமாவில் டைமண்ட் பிரின்சஸ் கப்பலை நிறுத்திவைத்தபோது 3,711 பேரில் 712 பேருக்குக் கொரோனா வந்தது. பயணிகள் அறைக்குள் இருந்தார்கள், அவர்களுக்குச் சாப்பாடு சுமந்து போனது வேலைக்காரர்கள். அதில் நம் நாட்டுப் பிள்ளைகள் நூற்றுக்கும் மேல். அந்த நாட்களில் நான் டிவி முன்னாலேயே உட்கார்ந்திருந்தது உனக்கு நினைவிருக்கும்.

அதனால் சொல்கிறேன். பெரியவனுக்கோ பாப்பாவுக்கோ ஒரு தடவை வாந்தி வந்தால்கூட கேபின் போனை எடுத்து மெடிக்கல் சென்டருக்குச் சொல்லிவிடு. அவர்களே அறைக்கு வருவார்கள், நீங்கள் தூக்கிக்கொண்டு கூட்டத்துக்குள் போக வேண்டாம். உங்கள் கேபின் பையனிடமும் சொல்லிவிடு, அவன் தெரியாமல் வெறும் கையால் அந்தப் போர்வையைச் சுருட்டக் கூடாது. நின்றபிறகும் இரண்டு நாள் கிட்ஸ் கிளப், பஃபே, நீச்சல் குளம் எதுவும் வேண்டாம். கோசுமெல் போனால் போகட்டும்.

வந்துவிட்டால் வைத்தியம் ஒன்றுதான், தண்ணீர். மூன்று நாளுக்குள் தானாக நிற்கும், அதுவரை உடம்பு வற்றாமல் பார்க்க வேண்டும். ஓ.ஆர்.எஸ். பாக்கெட் கைவசம் வை. இல்லாவிட்டால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. உப்பு கூடிவிடக் கூடாது. வாந்தி எடுத்தவுடனே குடிக்கவைக்காதே, பத்து நிமிஷம் விட்டு ஒவ்வொரு ஸ்பூனாகக் கொடு. பாப்பாவுக்கு டயப்பர் ரொம்ப நேரம் நனையாமல் இருந்தாலோ, அழும்போது கண்ணீர் வராவிட்டாலோ, சோர்ந்து கிடந்தாலோ யோசிக்காமல் டாக்டரைக் கூப்பிடு. வயிற்றைக் கட்டுகிற மாத்திரையை டாக்டர் சொல்லாமல் பிள்ளைகளுக்குக் கொடுக்கவே கூடாது. சம்பந்தியம்மா சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை சாப்பிடுகிறார்கள். பேதியாகும்போது அந்த மாத்திரைகளில் எதைத் தொடர வேண்டும், எதை நிறுத்திவைக்க வேண்டும் என்று அவர்களுடைய டாக்டரிடம் இப்போதே கேட்டு ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

மற்றதெல்லாம் சின்னச் சின்ன விஷயம். டயப்பர் கட்டிய குழந்தையைக் குளத்தில் இறக்க விடமாட்டார்கள், அது நல்லதுக்குத்தான், சண்டை போடாதே. சம்பந்தி ஐயாவுக்கு இளைப்பு இருப்பதால் வெந்நீர்த் தொட்டி வேண்டாம். அந்த ஆவியில் லெஜியோனெல்லா என்கிற கிருமி நுரையீரலுக்குள் போகும், 1994-ல் ஒரு கப்பலில் அப்படித் தொட்டியிலிருந்தே பரவியது. ஃப்ளூ ஊசி இரண்டு வாரம் முன்னாலேயே போட்டுக்கொள்ளுங்கள். கரையில் இறங்கினால் மூடிய பாட்டில் தண்ணீர், கண்ணெதிரே சுட்டது, நீயே தோலுரித்த பழம். கடற்கரையில் எலுமிச்சை பிழிந்த பச்சை மீன் கொடுப்பார்கள், பார்க்க ஆசையாக இருக்கும், வேண்டாம்.

மாப்பிள்ளையிடமும் இதைப் படிக்கக் கொடு. பயண இன்ஷூரன்ஸில் கப்பல் டாக்டர் செலவும், உடம்பு முடியாமல் பயணத்தைத் தள்ளிப்போட்டால் பணம் திரும்ப வருவதும் சேர்ந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல். அது இருந்தால் அந்தக் கேள்வித்தாளில் உண்மையை எழுத யாருக்கும் கை தயங்காது. ஏறிய அன்றைக்கே மெடிக்கல் சென்டர் எந்தத் தளம், என்ன எண் என்று பார்த்துக் கேபின் போனுக்குப் பக்கத்தில் எழுதி வைத்துவிடு.

பேரப்பிள்ளைகளுக்கு முத்தம். சம்பந்தி வீட்டாரை நாங்கள் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
அப்பா