முகக்கவசத்துக்கு ஓர் இடம் ஒதுக்குங்கள்: கோவை பவுண்டரி உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய உரிமையாளர்களே, பாதுகாப்பு அலுவலர்களே,

வணக்கம். வார்ப்பு மணலிலிருந்து கிளம்பும் சிலிக்கா தூசுக்காக ரப்பர் முகக்கவசம் வாங்கித் தருகிறீர்கள், அதற்கு நன்றி. ஆனால் வேலை முடிந்த பிறகு அந்தக் கவசம் எங்கே இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. வார்ப்புகளில் ஒட்டிய மணலையும் பிசிறையும் நீக்கும் ஃபெட்லிங் பகுதியில், கிரைண்டரின் சுவிட்சுப் பெட்டி மேல், உட்புறம் தெரிய அது கிடக்கிறது. இரவு ஷிப்டில் கிளம்பும் மணல் தூசு அதற்குள்ளேயே படிய, காலையில் வருபவர் அதை ஒரு தட்டுத் தட்டி மாட்டிக்கொண்டு முதல் மூச்சிலேயே அந்தத் தூசை இழுக்கிறார்.

மூச்சை வெளிவிடும் வால்வு ஒரு மெல்லிய ரப்பர் வில்லை. அதன் விளிம்பில் ஒரு மணல் துகள் சிக்கினாலும், உலைச் சூட்டில் அது நெளிந்துபோனாலும், மூச்சிழுக்கும்போது சரியாக மூடாது. காற்று ஃபில்டரைத் தொடாமல் அந்த இடுக்கு வழியாகவே உள்ளே வரும். சுத்தியலுக்கு அடியில் திணித்த கவசத்தின் முகவிளிம்பும் இப்படித்தான் கோணிப்போகிறது. கம்ப்ரசர் காற்றால் ஃபில்டரை ஊதும் வழக்கத்தை இன்றே நிறுத்துங்கள். அது இழைகளைச் சிதைப்பதோடு, படிந்த தூசைப் பக்கத்தில் நிற்பவரின் மூக்குக்கு அனுப்புகிறது. மூச்சிழுக்கச் சிரமமானால் ஃபில்டரை மாற்றத்தான் வேண்டும். பெயின்ட் அடிக்கும் இடத்தில் பயன்படும் கரி அடைத்த வடிகட்டியான கேட்ரிட்ஜோ, திறந்து கிடந்தால் இரவெல்லாம் தின்னர் ஆவியை உறிஞ்சித் தன் ஆயுளை இழக்கும். அதைக் காற்றுப் புகாத உறையில் மூடி வைக்க வேண்டும்.

தூசு உறிஞ்சும் குழாய்களே முதல் பாதுகாப்பு. அவற்றுக்குக் கவசம் மாற்றாகாது. ஆயினும் கடைசித் தடுப்பாக நிற்பது கவசம்தான். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டமே அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோயாகப் பட்டியலிட்ட, சிலிக்கா தூசால் நுரையீரல் தழும்பேறும் சிலிகோசிஸுக்கு, அந்தத் தழும்பை ஆற்றும் மருந்து இன்றுவரை இல்லை.

எனவே எங்கள் கோரிக்கை இது. தூசுப் பகுதிக்கு வெளியே, வெயில் படாத இடத்தில், ஆளுக்கொரு எண்ணிட்ட, கதவுள்ள அறை கொண்ட அலமாரி வையுங்கள். ஒருவர் கவசத்தை இன்னொருவர் மாட்டும் நிலை வேண்டாம். ஃபில்டரைக் கழற்றிவிட்டு, வெதுவெதுப்பான நீரில் மென்மையான சோப்பால் கவசத்தைக் கழுவி நிழலில் உலர்த்த, ஷிப்டு முடிவதற்கு முன் சம்பள நேரத்திலேயே பத்து நிமிடம் தாருங்கள். பஸ்ஸைப் பிடிக்க ஓடுபவரிடம் அதை எதிர்பார்ப்பது நியாயமல்ல. வால்வுகளும் பட்டைகளும் கூடுதலாகக் கையிருப்பில் இருக்கட்டும். அவற்றைச் சோதித்துப் பதிவேட்டில் எழுதும் பொறுப்பைப் பெயர் குறிப்பிட்டு ஒருவரிடம் ஒப்படையுங்கள். பழுதான கவசத்தை அந்த இடத்திலேயே ஒதுக்கிவிடும் அதிகாரமும் அவருக்கு வேண்டும்.

இப்படிக்கு,
ஃபெட்லிங் பகுதித் தொழிலாளி ஒருவர்