கதைக்காகக் காத்திருப்பவர்களை எதிரியின் எச்பி முன்னால் நிறுத்தாதீர்கள்: ஆர்பிஜி வடிவமைப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஒரு கதைப் பாத்திரமாகவே மாறி ஆடும் ஆர்பிஜி கேம்களை வடிவமைக்கும் குழுவினருக்கு,

வணக்கம். உங்கள் கதைகள் மேல் எங்களுக்குத் தீராத ஆசை. அதனால்தான் எழுதுகிறோம். கதை சுமாரான கேமை மூன்று மணி நேரத்தில் அழித்துவிட்டுப் போய்விடலாம். கதை அருமையாக இருந்து, ஆடுவது மட்டும் வதையாக இருக்கிற கேமை விடவும் முடியாது, தொடரவும் முடியாது. அடுத்து என்ன ஆகுமோ என்ற ஆவலே ஆடுபவரை இழுத்துக்கொண்டு போய்விடும் என்று நம்பி, ஆட்டத்தின் குறைகளை நீங்கள் அப்படியே விட்டுவிடுகிறீர்கள். ஆனால் எரிச்சல் முதலில் தின்பதே கதையைத்தான்.

பெரிய எதிரியுடன் மோதும் ஒரு பாஸ் சண்டையை எடுத்துக்கொள்வோம். அதற்கு முன் 4 நிமிடக் கட்சீன் (ஆடாமல் பார்க்க மட்டுமே முடிகிற கதைக் காட்சி), அதைத் தாண்ட ஸ்கிப் கிடையாது. தோற்றால் மறுபடி தொடங்க வேண்டிய கடைசி சேவ் பாயிண்ட் அங்கிருந்து 2 நிமிட நடை. ஆறு முறை தோற்றால் 36 நிமிடம் இதிலேயே போகிறது. கூடவே வந்த தோழன் துரோகம் செய்கிற காட்சி என்றால், முதல் தடவை நெஞ்சில் தைக்கும். மூன்றாவது தடவை வெறும் சத்தம். ஐந்தாவது தடவை அந்தப் பாத்திரத்தின் குரலே பிடிக்காமல் போகும். உங்கள் எழுத்தாளரின் உழைப்பை உங்கள் சேவ் முறையே அழித்துவிடுகிறது.

சரிசெய்வது பெரிய வேலையில்லை. கட்சீன் முடிந்து முதல் அடி விழுவதற்கு முன், தானாகவே சேமிக்கும் ஓர் ஆட்டோசேவ் வையுங்கள். ஆனால் அது பழைய ஆட்டோசேவின் மேலேயே எழுதக்கூடாது. எழுதினால், மருந்து ஒன்றுகூட இல்லாமல் உள்ளே வந்துவிட்டவர் திரும்பிப் போக வழியின்றி அங்கேயே மாட்டிக்கொள்வார். குறைந்தது மூன்று ஆட்டோசேவ் இடங்கள் சுழற்சியில் இருக்க வேண்டும். ஸ்கிப் பட்டனை ஒரு விநாடி அழுத்திப் பிடித்தால்தான் கட்சீன் தாண்ட வேண்டும். கை தவறிப் பட்டதும் ஒரு காட்சி காணாமல் போவது அதைவிடக் கொடுமை.

அடுத்தது எதிரிகளின் எச்பி, அதாவது உயிர்ப் புள்ளிகள். சாதாரண எதிரிக்கு 4,800 எச்பி, நம் அடிக்கு 120 என்று வைத்துக்கொண்டால் 40 அடி. அடிக்கு 0.9 விநாடி என்றால் ஓர் எதிரிக்கு 36 விநாடி. நால்வர் கூட்டத்துக்கு 144 விநாடி. குகையில் அப்படி 25 கூட்டம் இருந்தால் சரியாக ஒரு மணி நேரம். இரண்டாவது கூட்டத்தில் செய்ததையே இருபத்திரண்டாவதிலும் செய்கிறோம். வெளியே வரும்போது எதற்காக உள்ளே போனோம் என்பதே மறந்திருக்கும். எச்பியில் மூன்றில் ஒரு பங்கை வெட்டி, எதிரியின் அடியை ஒன்றரை மடங்காக்குங்கள். மொத்த ஆபத்து ஏறக்குறைய அதே அளவில் நிற்கும், நேரம் மட்டும் குறையும். ஒரே அடியில் ஆடுபவரின் பாதி உயிருக்கு மேல் போகாதபடி பார்த்துக்கொண்டால் போதும்.

கண்ணுக்குத் தெரிவதும் கணக்கும் ஒத்துப்போக வேண்டும். 2002-இல் வந்த மோரோவிண்ட் கேமில் வாள் எதிரியின் உடலுக்குள் புகுந்து வெளியே வருவது திரையில் தெரியும். ஆனால் அடி விழாது. உள்ளே ஆயுதத் திறனையும் களைப்பையும் வைத்துப் பகடை உருள்கிறது. ஓடிக் களைத்த புது ஆள் காற்றில் வீசிக்கொண்டே இருப்பார். இரு தரப்பும் மாறி மாறி அடிக்கும் முறைமாற்றுச் சண்டையில் "70% வாய்ப்பு" என்று முன்பே எழுதிக் காட்டினால் தவறியதை ஏற்றுக்கொள்வோம். நேரடிச் சண்டையில் பட்ட அடி படவில்லை என்றால் கேம் பொய் சொல்வதாகத்தான் தோன்றும். அடியிலிருந்து விலகும் டாட்ஜ் பட்டனும் அப்படித்தான். நாம் அடிக்கும் அசைவு முடிவதற்குச் சற்று முன் அதை அழுத்தியதைத் தூக்கி எறியாமல் 100 மில்லிவிநாடி நினைவில் வைத்திருங்கள். திரையில் விநாடிக்கு 60 ஃபிரேம் (படம்) ஓடினால் அது 6 ஃபிரேம், 30 ஓடினால் 3. ஃபிரேம் எண்ணிக்கையை நிலையாக எழுதிவைத்தால் மெதுவான கணினியில் ஆட்டமே வேறாகிவிடும்.

எல்லாவற்றையும்விட எங்களை வருத்துவது, கதை ஒரு வழியிலும் விதிகள் இன்னொரு வழியிலும் போவதுதான். 1999-இல் வந்த பிளேன்ஸ்கேப்: டார்மென்ட்டின் நாயகன் சாகாதவன். பெரும்பாலும் செத்தாலும் எழுந்துவிடுவான், கதை தொடரும். தோல்வியையே கதையாக்கிய அபாரமான யோசனை அது. அதே கேமில் நல்ல உரையாடல்கள் பல ஞானம், அறிவு, கவர்ச்சி எண்களுக்குப் பின்னால் பூட்டிக் கிடக்கின்றன. வலிமையில் புள்ளிகளைக் கொட்டியவருக்குப் பாதிக் கதை கண்ணில் படாது; பாத்திரத்தை உருவாக்கும் திரை இதை எச்சரிப்பதில்லை. 2004-இன் வாம்பயர்: தி மாஸ்க்கரேட் – பிளட்லைன்ஸ் இதற்கு நேர் எதிர். பேச்சுத் திறனை வளர்த்தவருக்கு முதல் பாதி விருந்து. பிற்பகுதி சண்டையாக நெரிக்கும்போது, அதுவரை சேர்த்த புள்ளிகள் எதற்கும் உதவாது.

எனவே, முதல் மணி நேரத்தில் நீங்கள் பரிசளிக்கும் திறனுக்குக் கடைசி மணி நேரத்திலும் வேலை இருக்கட்டும். முடியாவிட்டால் புள்ளிகளைத் திரும்பப் பிரிக்கும் வசதியை இலவசமாகவே கொடுங்கள். 2019-இன் டிஸ்கோ எலிசியம் தனிச் சண்டை முறையே வைக்கவில்லை. 24 திறன்கள், இரண்டு பகடை; இவற்றை வைத்தே ஒவ்வொரு முயற்சியும் சோதிக்கப்படுகிறது. வெள்ளைச் சோதனையில் தோற்றால் திறனை உயர்த்திவிட்டு மறுபடி முயலலாம், சிவப்பு ஒரே ஒரு முறைதான். எது திரும்பக் கிடைக்கும், எது கிடைக்காது என்று முன்பே தெரிவதால் தோல்விகூடச் சுவையாக இருக்கிறது.

கடினத்தை ஒரே பட்டனில் அடக்காதீர்கள். எதிரியின் அடி, எதிரியின் எச்பி, கூட்டங்களின் எண்ணிக்கை, எதிர்வினைக்கான நேரம் என நான்கையும் தனித்தனியே மாற்றும்படி விடுங்கள். வெளியீட்டுக்குப் பிறகும் இதெல்லாம் நடக்கும். 2018-இல் வந்த பில்லர்ஸ் ஆஃப் எடர்னிட்டி 2-க்கு மறு ஆண்டே பேட்ச் (வெளியீட்டுக்குப் பின் வரும் திருத்தம்) வழியாக முறைமாற்றுச் சண்டை சேர்ந்தது. ஃபைனல் ஃபேன்டசி 12-இன் 2017 மறுவெளியீடு 2 மடங்கு, 4 மடங்கு வேகத்தைக் கொடுத்து, பழைய நெடுநடையைத் தாங்கும்படி ஆக்கியது. சேர்த்த பொருள்கள் இருக்கும் இன்வென்டரியில் "புதிது" என்று வரிசைப்படுத்தவும், குப்பையை ஒரே அழுத்தில் விற்கவும் முடிந்தாலே பாதித் தலைவலி போய்விடும்.

ஆடுபவர் ஏற்ற பணிகளைக் குறித்துவைக்கும் குவெஸ்ட் குறிப்பேட்டையும் எழுத்தாளரிடமே கொடுங்கள். "வடக்குக் கோட்டைக்குப் போ" என்ற ஒற்றை வரி இரண்டு வாரம் கழித்துத் திரும்புபவருக்கு உதவாது. யார் அனுப்பினார், ஏன், அவரிடம் நாம் என்ன வாக்குக் கொடுத்தோம் என்று மூன்று வாக்கியம் வேண்டும்.

உங்கள் கேம் ஏற்கெனவே கடைக்கு வந்துவிட்டதா? முதல் பேட்ச்சில் சேவும் ஸ்கிப்பும், இரண்டாவதில் எச்பி எண்கள், மூன்றாவதில் புள்ளிகளைத் திரும்பப் பிரிக்கும் வசதி. அந்த வரிசையில் செய்யுங்கள். பாதியில் நிறுத்திவைத்த சேவ் கோப்புகளை நாங்கள் இன்னும் அழிக்கவில்லை.

இப்படிக்கு,
உங்கள் கதைகளின் வாசகர்கள்