நீ பென்சிலால் கோடு போட்ட பக்கம்

அன்பு மகளுக்கு,

போன தடவை வந்தபோது நீ அலமாரியில் விட்டுப்போன ஜேன் ஆஸ்டினின் ‘பெர்சுவேஷன்’ நாவலை ராத்திரி ராத்திரியாக வாசித்து முடித்துவிட்டேன். அப்பா தூங்கின பிறகு, ஹாலில் உட்கார்ந்துதான்.

19 வயது ஆனுக்குக் கப்பற்படை வாலிபன் வென்ட்வொர்த் மேல் பிரியம். அவன் கையில் காசில்லை. தாயில்லாத அந்தப் பெண்ணுக்குத் தாய் மாதிரி இருந்த லேடி ரஸ்ஸல், வேண்டாம் என்று பேசிப்பேசியே கலைத்துவிடுகிறாள். எட்டு வருஷம் கழித்து 25,000 பவுண்டு சம்பாதித்த கேப்டனாக அவன் வந்து நிற்கிறான்.

லைம் என்கிற சின்னக் கடலோர ஊருக்கு எல்லோரும் போகும் பகுதியை இரண்டு தரம் வாசித்தேன். சீசன் முடிந்து வெறிச்சோடிக் கிடக்கும் நவம்பர் மாதம். காப் என்று அவர்கள் சொல்லும் கல் அலைதடுப்பின் படியிலிருந்து, கூட வந்த லூயிசா என்கிற பெண் குதித்து, விழுந்து, நினைவு தப்பிக் கிடக்கிறாள். மற்றவர்கள் பதறி நிற்க, டாக்டரை அழைக்கச் சொல்வது ஆன்தான். அந்த இடத்தில் உன் முகம்தான் எனக்குத் தெரிந்தது.

ஆனும் வென்ட்வொர்த்தும் சேருகிற முடிவை ஆஸ்டின் முதலில் வேறு மாதிரி எழுதி, பிடிக்காமல் 1816 ஆகஸ்டில் மாற்றி எழுதினார். வென்ட்வொர்த் ஆனுக்கு எழுதும் அந்தக் கடிதமே அப்போதுதான் கதைக்குள் வந்தது. அடுத்த ஜூலையில், 41 வயதில், புத்தகத்தை அச்சில் பார்க்காமலே போய்விட்டார்.

கடைசியில் ஆன் சொல்கிறாள்: லேடி ரஸ்ஸல் சொன்ன யோசனை தப்பு, ஆனாலும் நான் கேட்டு நடந்தது சரி. அந்த வரிக்குப் பக்கத்தில் நீ பென்சிலால் கோடு போட்டிருக்கிறாய். கண்ணு, அந்த மன்னிப்பு எனக்கு வேண்டாம். நிலையான வேலை இல்லாதவன் என்று சொல்லி உன்னைக் கரைத்தது நான். உனக்கு அவசரமாக இருந்தது எனக்குப் பிடிவாதமாகத் தெரிந்தது. தப்பு என்னுடையது.

இன்னொன்று. 1808-ல் கொஞ்சம் பணத்தோடு திரும்பியபோதே எழுதியிருந்தால் பதில் போட்டிருப்பாயா என்று வென்ட்வொர்த் கேட்கிறான். போட்டிருப்பேன் என்கிறாள். ரோஷத்தில் ஆறு வருஷம் போயிருக்கிறது! அங்கே புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன், அதற்கு மேல் அன்றைக்கு வாசிக்க முடியவில்லை.

போன மாதம் அந்தத் தம்பி ஊருக்கு வந்திருந்தான். கடைத்தெருவில் என்னைப் பார்த்து நின்று, அப்பாவின் சர்க்கரை எப்படி இருக்கிறது என்று விசாரித்தான். உன்னைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆனால் பேச்சு முடிந்த பிறகும் கிளம்பாமல் நின்றான். உன் நம்பரை நான் கொடுக்கவில்லை. அவனுடையதை வாங்கி வைத்திருக்கிறேன். நீ கேட்டால் அனுப்புகிறேன். கேட்காவிட்டால் நானாக இந்தப் பேச்சை எடுக்க மாட்டேன்.

அன்புடன்,
அம்மா